ஜன்னலோரக் கட்டில், தாளில் மசி

கையெழுத்து நன்றாக இருக்கிறவனுக்குக் குடும்பத்தில் ஓய்வே கிடையாது. மாமாவுக்கு மனு எழுத வேண்டுமா, சித்தப்பா கடைக்குப் பெயர்ப் பலகை வேண்டுமா, மருந்து பாட்டிலில் பெயர் ஒட்ட வேண்டுமா, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அக்கா கல்யாணத்துக்கு அத்தனை அழைப்பிதழ் உறைகளிலும் நான்தான் முகவரி எழுதினேன். கல்யாணத்தன்று எல்லோரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் ஒரு மூலையில் வலது கையை வெந்நீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தத் தாள்களைப் படிக்க உங்களுக்குச் சிரமம் இருக்காது. நாற்பது வருஷத்தில் அடுத்தவருக்குப் புரியும்படி நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. வயதாகியும் எழுத்து கெட்டுப்போகவில்லை.

போன வாரம் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். பழைய ஆஸ்பத்திரியின் பெரிய நர்ஸ் முகவரி கொடுத்ததாகச் சொன்னீர்கள். அந்த அம்மாள் இன்னும் இருக்கிறார் என்பதே எனக்குச் செய்தி. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் பிடித்துக்கொண்டு பேசினீர்கள்.

“சண்டை முடிஞ்ச வருஷம் எங்கம்மா அந்த ஆஸ்பத்திரியிலதான் செத்துப்போனாங்க சார். சாகறதுக்கு முன்னாடி உங்களை வெச்சு ஒரு லெட்டர் எழுதினாங்களாம். எனக்கு ஒரு மாமா இருந்திருக்கார், அதுவே போன வருஷம்தான் தெரிஞ்சுது. போய்ப் பார்த்தா அவரும் போய்ச் சேர்ந்துட்டார். அந்த லெட்டர்ல அம்மா என்ன சொன்னாங்கன்னு தெரிஞ்சா போதும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

“வயசாயிடுச்சும்மா. எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்தேன். எதுவும் ஞாபகம் இல்லை” என்றேன்.

நீங்கள் சண்டை போடவில்லை. உங்கள் டம்ளரையும் என் டம்ளரையும் எடுத்துப்போய்க் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, வரேன் சார் என்று போய்விட்டீர்கள். சின்ன வயதிலிருந்தே அடுத்தவர் வீட்டு அடுப்படியில் வளர்ந்த கை என்று பார்த்ததும் தெரிந்தது. கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த டம்ளர்கள் இரண்டு நாள் அப்படியே கவிழ்ந்து கிடந்தன. எடுக்க மனம் வரவில்லை.

நான் சொன்னது பொய். உங்கள் அம்மா சொன்ன ஒரு வார்த்தையைக்கூட நான் மறக்கவில்லை. அந்தக் கடிதத்தை நான் எழுதவே இல்லை என்பதையும் மறக்கவில்லை. ஏன் எழுதவில்லை என்று நிதானமாகச் சொன்னால் நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

சண்டைக் காலத்தில் நான் நகராட்சியில் பலகை எழுதுகிற வேலை பார்த்தேன். முதலில் ‘இங்கே குப்பை கொட்டாதீர்கள்’ மாதிரிப் பலகைகள். பிறகு செத்தவர்களின் பெயர்கள். அலுவலக வாசலில் பெரிய கறுப்புப் பலகைகள் இருந்தன. தினம் காலையில் உள்ளேயிருந்து ஒரு காகிதம் வரும். நான் ஏணியில் ஏறி வெள்ளைச் சாயத்தில் எழுதுவேன். கீழே கூட்டம் நிற்கும். ஒரு எழுத்தின் முதல் வளைவைப் போட்டதும் எனக்குப் பின்னால் யாராவது மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள். அடுத்த கோட்டில் அது வேறு எழுத்தாகிவிடும். மூச்சு வெளியே வரும். உடனே இன்னொரு பக்கம் இன்னொருவர் மூச்சைப் பிடிப்பார். ஒருநாள் ஒரு பெரியவர் என் காலைத் தொட்டு, “கொஞ்சம் மெதுவா எழுதுப்பா” என்றார். அவர் பிள்ளை பெயரின் முதல் பாதி வரை எழுதியிருந்தேன்.

சண்டை நின்றது. எனக்கு எழுத வரவில்லை. கையில் கோளாறு இல்லை. எந்த எழுத்தைத் தொடங்கினாலும் முதுகுக்குப் பின்னால் அந்த மூச்சு கேட்டது. அறையில் தனியாக இருக்கும்போதும் கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது, அதைச் சொல்ல வெட்கமில்லை. அதனால் எழுத்தாக மாறாத கோடுகளைப் போட ஆரம்பித்தேன். இடமிருந்து வலமாக, வரிவரியாக, தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ எழுதிய பக்கம் மாதிரியே இருக்கும். கிட்டே வந்தால் ஒன்றும் இருக்காது. எந்த வளைவும் யாருடைய பெயராகவும் முடியாது. அந்தக் கோடுகளைப் போடும்போது மட்டும் முதுகுப் பக்கம் அமைதியாக இருந்தது.

அப்போது மூடிக் கிடந்த ஒரு டயர் கடையை வாடகைக்கு எடுத்து நாங்கள் சில பேர் படம் வரைந்துகொண்டிருந்தோம். ஆளுக்கு ஒரு கிறுக்கு. ஒருவன் துணியைக் கிழித்துக் கிழித்து ஒட்டினான். இன்னொருவன் கண்ணைக் கட்டிக்கொண்டு வரைவான், பிறகு அவிழ்த்துப் பார்த்து அவனே திட்டிக்கொள்வான். பழைய மாதிரி மரமும் ஆறும் வரைய யாருக்கும் முகமில்லை. படக்கூடம் வைத்திருந்த அம்மாள் ஒருவர் அடிக்கடி வந்து பார்ப்பார். என் தாள்களைப் பார்த்து, “ஒரு எழுத்துகூடப் புரியலை. ஆனா யாரோ நம்மகிட்ட ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்கு. இதை விட்டுடாதீங்க” என்றார்.

சில மாதங்களில் அந்தக் கோடுகள் செத்துப்போயின. அழகாக இருந்தன, ஆனால் யாரும் எதுவும் சொல்ல வருகிற மாதிரி இல்லை. கூடத்து அம்மாள் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டுக் காபியைப் பற்றிப் பேசினார். எனக்கு விஷயம் புரிந்தது. காதில் ஒரு குரல் இல்லாமல் போடுகிற கோடு வெறும் கிறுக்கல்தான். எனக்குப் பேசுகிறவர்கள் வேண்டும். சும்மா அரட்டை அடிப்பவர்கள் போதாது. சொல்லியே தீர வேண்டும் என்று இருக்கிறவர்கள் வேண்டும்.

அப்படித்தான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஞ்சுக் கிடங்காக இருந்த கட்டடம். உத்தரத்தில் இன்னும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும், காற்றடித்தால் போர்வைமேல் உதிரும். நோயாளிகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்க ஆள் தேவை என்று பெரிய நர்ஸ் சொல்லியிருந்தார். காகிதத்துக்குப் பஞ்சமான காலம். ஒரு நோயாளிக்கு ஆஸ்பத்திரி முத்திரை போட்ட தாள் ஒன்று கொடுப்பார்கள். அது இருந்தால் தபாலுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

நான் முட்டியில் பலகையை வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவேன். அவர்கள் சொல்வார்கள். நான் கோடு போடுவேன். அவர்கள் நிறுத்தினால் நானும் நிறுத்துவேன். அழுதால் கை தானாகக் கீழே இறங்கும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் கடிதங்களை நர்சுகள் பார்த்துக்கொண்டார்கள். என்னிடம் வந்தவர்கள் பள்ளிக்கூடம் போகாதவர்கள். முடிந்ததும் “படிச்சுக் காட்டுங்க” என்பார்கள். தாளைப் பார்த்துக்கொண்டே முதலிலிருந்து கடைசி வரை சொல்வேன். எனக்கு ஞாபகசக்தி அதிகம். ஒரு சொல் மாறாது.

நான் ஏமாற்றவில்லை, அப்போது இல்லை. வீட்டுக்குப் போனதும் என் அக்கா மகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் மறுபடி சொல்வேன். அவள் சாதாரணக் காகிதத்தில் எழுதி, என் காசில் தபால்தலை ஒட்டி அனுப்புவாள். கடிதம் உரியவருக்குப் போகும், கோடு எனக்கு. யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு. பிறகு அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது, போய்விட்டாள். நான் வார்டுக்குப் போவதை அன்றோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நாளைக்கு வேறு யாரையாவது பிடித்து எழுதச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டதில் பெரும்பாலான கடிதங்களுக்கு ஒன்றும் கேடு வரவில்லை. நலம், நலமறிய ஆவல், ஆட்டைப் பார்த்துக்கொள். இது போய்ச் சேர்ந்தால் என்ன, சேராவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அந்த அபிப்பிராயத்தில் பெரிய மாற்றமில்லை.

உங்கள் அம்மா ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். சிப்பாய்களுக்கு உடுப்பு தைக்கிற தொழிற்சாலையில் பொத்தான் வைக்கிற வேலை. அந்தத் தொழிற்சாலை எரிந்தபோது மாட்டிக்கொண்டவர். வார்டில் எல்லோரும் பொத்தானம்மா என்பார்கள். மார்பும் கைகளும் கட்டுப் போட்டிருக்கும். குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குரலைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். எந்தப் பெயரைச் சொல்வதற்கு முன்னாலும் கொஞ்சம் நிறுத்துவார். கண்ணைச் சுருக்கி, ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி. நூல் ஏறியதும் சரசரவென்று போய்விடும் பேச்சு.

அவர் சொன்னது இதுதான்.

“அண்ணே, நான்தான். செத்துட்டேன்னு யாராவது சொல்லியிருப்பாங்க, நம்பாதே. ஆஸ்பத்திரியில கிடக்கேன். எனக்காக நீ அலைய வேண்டாம், நான் தேறினா தேறுறேன். பாப்பாவைப் போய்க் கூட்டிட்டு வந்துடு. நெருப்புப் பிடிச்ச அன்னிக்குப் பக்கத்து வீட்டு அக்கா அவளைத் தூக்கிட்டு ஓடி, ஸ்டேஷனுக்குப் பின்னால பெரிய மஞ்சக் கட்டடம், அநாதைப் பிள்ளைங்க விடுதி, அங்க விட்டிருக்கு. அந்த அக்கா இங்க வந்து சொல்லிட்டு அதுவும் ஊரை விட்டுப் போயிடுச்சு. பேரு கேட்டதுக்கு இவ சிட்டுன்னு சொல்லியிருக்கா, அதையே எழுதிக்கிட்டாங்களாம். நீ நிஜப் பேரைச் சொல்லித் தேடினா கிடைக்க மாட்டா. அவ போட்டிருக்கற கோட்டைப் பாரு. பொத்தான் எல்லாத்தையும் சிவப்பு நூல்ல குறுக்கு மறுக்காத் தச்சிருக்கேன். வேற எந்தப் பிள்ளைக்கும் அப்படி இருக்காது. அண்ணிகிட்ட சொல்லு, அவ நிறையச் சாப்பிட மாட்டா, பாரமா இருக்க மாட்டா. பயந்தா காதைப் பிடிச்சுக்குவா, திட்டாம விட்டா தானா சரியாயிடுவா. சீக்கிரம் போண்ணே.”

பிறகு முகவரி சொன்னார். துறைமுகத்தில் பாரம் தூக்கும் கிரேன் ஓட்டுகிறவர் உங்கள் மாமா. குடியிருப்பு, வீட்டு எண் எல்லாம் தெளிவாகச் சொன்னார். இப்போதும் என்னால் எழுத முடியும், ஆனால் இனி அது உங்களுக்குப் பயன்படாது.

படித்துக் காட்டினேன். உங்கள் அம்மா தலையைக் கொஞ்சம் தூக்கித் தாளைப் பார்த்தார். “அழகா இருக்கு சார். நான் சொன்னதைவிட நல்லா இருக்கு” என்றார்.

நிஜமாகவே அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்து சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். அழுதேன். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் அவர் நிறுத்திய இடம் வெள்ளையாக நின்றது. அதைத் தாண்டிக் கோடு ஓடியது. நான் வரைந்ததில் உயிரோடு இருந்த முதல் தாள் அது. மறுநாளே கூடத்து அம்மாள் பார்த்துவிட்டார். தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பிறகு மெதுவாக, “எங்கே போய்ப் பிடிச்சீங்க இதை?” என்று கேட்டார். எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடிதத்தைத் தனியாக எழுதி அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பெரிய நர்ஸிடம் சொன்னால் நின்ற நிலையிலேயே எழுதிவிடுவார். ஆனால் அவர் முத்திரைத் தாள் எங்கே என்று கேட்பார். எடுத்துக் காட்டினால் அதில் ஒரு எழுத்தும் இல்லை என்பது தெரியும். அதற்கு முன்னால் எழுதியவர்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று என்ற கேள்வி வரும். வார்டுக்குள் என்னை விடமாட்டார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதம் வேறு கையெழுத்தில் ஒரு தடவை எழுதப்பட்டுவிட்டால் என் தாள் வெறும் நகலாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அவர் சொன்னது முழுவதும் என் தாளில் மட்டும்தான் இருக்க வேண்டும். இதை ஒரு கலைஞனிடம் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வான்.

அடுத்த நாளிலிருந்து நான் போகும்போதெல்லாம் கேட்டார். “போட்டாச்சா சார்?”

“போட்டாச்சும்மா.”

“பதில் வந்துச்சா?”

“தபால் எல்லாம் இப்போ மெதுவாத்தான் வருது.”

கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்க்கிற மாதிரி. கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்குவார், வலிக்கும், மறுபடி சாய்வார். ஒருநாள் பெரிய நர்ஸ், “இன்னொரு கடுதாசி போட்டுப் பார்ப்போமா, நானே எழுதறேன்” என்றார். நான், “வேண்டாம், அவங்க அண்ணன் கிளம்பியிருப்பார், ரயில்தான் கிடைச்சிருக்காது” என்றேன். உங்கள் அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். “ஆமா, அண்ணன் கிளம்பியிருக்கும்” என்றார். அந்த வாரமே போய்விட்டார். வாசலைப் பார்த்தபடி, அண்ணன் வந்துகொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையோடு போனார். அந்த வார்டில் அப்படி நம்பிக்கையோடு போனவர்கள் குறைவு. அதை நான்தான் கொடுத்தேன் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மனசாட்சி இல்லாமல் இல்லை. மஞ்சள் கட்டடத்துக்குப் போனேன். உள்ளே போகவில்லை, கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். பிள்ளைகள் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு நூலைத் தேடினேன், கிடைத்தது. நீங்கள் காதைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு வேலி வரை வந்தீர்கள். “மாமாவா?” என்று கேட்டீர்கள். யாரோ, மாமா வருவார் என்று சொல்லி வைத்திருக்க வேண்டும். இல்லை என்றேன். நீங்கள் ஆரோக்கியமாக இருந்தீர்கள். ஷூ போட்டிருந்தீர்கள். வேளைக்குச் சாப்பாடு போடுகிற இடம், கூரை இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று எனக்குத் திருப்தியாகிவிட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வேறு யாருடைய குரலும் எனக்குத் தேவைப்படவில்லை. வார்டுக்குப் போவதை விட்டேன். மத்தியானம், வெயில் மேஜைமேல் வருகிற நேரத்தில், உங்கள் அம்மா வருவார். உருவம் ஏதும் இல்லை. முன்பு மூச்சு கேட்ட அதே இடத்தில், முதுகுக்குப் பின்னால், ‘அண்ணே, நான்தான்’ என்று தொடங்குவார். நான் கோடு போடுவேன். கடைசியில் ‘படிச்சுக் காட்டுங்க சார்’ என்பார். நான் வாய்விட்டுப் படிப்பேன். படிக்காமல் எழுந்தால் விடமாட்டார், சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டே இருப்பார். என் மனைவி என்னை விட்டுப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். நாற்பது வருஷமாக நான் வரைந்தது அந்த ஒரே கடிதத்தைத்தான். என் பிற்காலப் படங்களைப் பற்றித் தடித் தடியாகப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். அர்த்தத்தின் சிறையிலிருந்து எழுத்தை விடுவித்தவன் என்று எழுதியிருக்கிறார்கள். முதல் தாளின் மூலையில் இருக்கிற ஆஸ்பத்திரி முத்திரையைப் பற்றி ஒருவர் தனியாக ஒரு அத்தியாயமே எழுதினார்.

இனி உங்கள் மாமாவைப் பற்றி. இதை நீங்கள் கேட்கவில்லை, கேட்கத் தெரிந்திருக்கவும் வழியில்லை.

மறு வருஷம் எங்கள் படங்கள் ஊர் ஊராகப் போயின. துறைமுக நகரத்திலும் காட்சி வைத்தார்கள். பெட்டிகளைக் கப்பலிலிருந்து இறக்கிய ஆட்களை மரியாதைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே விட்டார்கள். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் ‘ஜன்னலோரக் கட்டில்’ என்று நான் பெயர் வைத்திருந்த உங்கள் அம்மாவின் தாளுக்கு முன்னால் நின்றுவிட்டார். நல்ல உயரம், குளித்துத் தலைவாரி வந்திருந்தார். நான் பக்கத்தில் போனேன். படத்துக்கு முன்னால் யாராவது நின்றால் போய் நிற்கிற பழக்கம் எனக்கு உண்டு.

“இது நீங்க எழுதினதா?” என்று கேட்டார்.

“வரைஞ்சது.”

“என்ன போட்டிருக்கு சார் இதுல?”

“ஒண்ணுமில்லை. இதுக்கு அர்த்தம் கிடையாது.”

தலையாட்டினார். ஆனால் நகரவில்லை. “எனக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சு. இப்படித்தான் பேசும். நிறுத்தி நிறுத்தி, அப்புறம் ஒரே ஓட்டமா. பொத்தான் தைக்கிற வேலை. தீ விபத்துல போயிடுச்சுன்னு சொன்னாங்க. அதுக்கு ஒரு பொண்ணு. எல்லா விடுதிக்கும் பேரைச் சொல்லி எழுதிப் போட்டேன், அப்படி யாரும் இல்லைன்னுட்டாங்க” என்றார்.

நீங்கள் அப்போது மஞ்சள் கட்டடத்தில்தான் இருந்தீர்கள். யாரும் தேடி வராத பிள்ளைகளை வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பியது அதற்கும் அடுத்த வருஷம். சிட்டு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அவர் அங்கிருந்தே ரயிலேறியிருப்பார். என் வாயில் அந்தச் சொல் இருந்தது. நான் சொல்லவில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். படத்தைச் சுவரிலிருந்து இறக்க வேண்டிவரும். உங்கள் அம்மாவை வாசலைப் பார்க்க வைத்துக் கொன்றதும் நான்தான். உங்களை அடுத்தவர் வீட்டு அடுப்படிக்கு அனுப்பியதும் நான்தான். இரண்டையும் தெரிந்தே செய்தேன். இதை மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று. மூடுகிற மணி அடித்த பிறகும் உங்கள் மாமா அங்கேயே நின்றார். கண்ணீர் வழிந்தது, அவர் துடைக்கவில்லை. விரலைக் கண்ணாடிமேல் வைத்து வரிவரியாக நகர்த்திக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு வெள்ளை இடத்தில் விரல் நின்றுவிட்டது. உங்கள் பெயரைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் அம்மா நிறுத்திய இடம் அது. அப்புறம்தான் விரல் மேலே போனது. என் படத்தை யாரும் அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படிப் படித்ததில்லை. ஆகவே கடிதம் போகவில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டு நீங்கள் வருத்தப்பட வேண்டாம். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன், அது உங்கள் மாமாவிடம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.